எஸ்தாதோவில் இருக்கிறாள்

எங்கள் சுபியாத்தே வீட்டில் யாரும் ஒட்டுக்கேட்பதில்லை. அன்று சமையலறைக் கதவு திறந்திருந்தது. நான் முற்றத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே என் தம்பி மகள் நெரெய்தா தன் தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததற்கு நான் பொறுப்பல்ல.

"போன வாரமே ஆயிடுச்சுடி. இப்போ நான் எஸ்தாதோல இருக்கேன். ராமிரோதான் எல்லாம் பண்ணிக் குடுத்தான். அம்மாவுக்குத் தெரியும். அத்தைக்கு மட்டும் தெரிஞ்சுதுன்னா அவ்வளவுதான், வீடு இடிஞ்சு விழுந்துரும்."

தொட்டி நிரம்பி என் செருப்பு நனைந்த பிறகுதான் குழாயை மூடினேன்.

மெக்சிகோவின் எல்லையூரான எங்கள் ஹுவாரெஸில் மரியாதையான வீடுகளில் கர்ப்பம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்வதில்லை. எஸ்தாதோவில், அதாவது அந்த நிலையில், இருக்கிறாள் என்போம். கல்யாணமானவளைப் பற்றிச் சொன்னால் கேட்பவர்கள் வாழ்த்துவார்கள். ஆகாதவள் என்றால் பேச்சை மாற்றிவிடுவார்கள், பிறகு வாழ்நாள் முழுக்க அதையே பேசுவார்கள். நெரெய்தாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவள் எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் எல் பாசோவில், பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் போய் மாலையில் திரும்புவாள்.

என் தம்பி அன்செல்மோ சாகும்போது என்னிடம் வேறு எதையும் கேட்கவில்லை. மகள் படிப்பை முடிக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டான். சொந்தமாகச் சுங்கத் தரகு நிறுவனம் நடத்தி ஊரறிய வாழ்ந்தவன் அவன். அவனுக்குப் பிறகு வீட்டுக்குத் தலை நான். வீடு என் பெயரில் இருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ளாமல், முதுகு வளையாமல், எழுபது வயதுவரை அந்தப் பெயரைக் கறைபடாமல் வைத்திருக்கிறேன். இப்போது அந்தப் பெண்ணின் படிப்பும் எங்கள் பெயரும் ஒரே நேரத்தில் போகப் போகின்றன என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

உடனே கத்துவது எங்கள் வழக்கமில்லை. கவனிக்க ஆரம்பித்தேன்.

காலையில் காபியைத் தொடாமல் எழுந்து போனாள். நேரமாகிவிட்டதாம். உப்பும் காரமும் போட்ட காய்ந்த பிளம்ஸைப் பை பையாக வாங்கிவந்து படிக்கும் மேசையில் வைத்து ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருந்தாள். சிறுவயதிலிருந்தே அவளுக்கு அது பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் சிறுவயதில் இவ்வளவு சாப்பிட்டாளா என்பது எனக்கு நினைவில்லை. இடுப்பைக் காட்டாத தொளதொள கம்பளிச் சட்டை ஒன்றை அணிந்திருந்தாள். யாருடையது என்று கேட்டேன். ராமிரோ குளிருக்குக் கொடுத்தான் என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். ஒரு நாள் இருட்டிய பிறகு வந்தாள். பாலத்தில் வரிசை நீளம் என்றாள். மறுநாள் மருந்துக்கடைக்காரரை விசாரித்தேன். அவரும் அதே பாலத்தில் வருகிறவர். வரிசையே இல்லை, நடந்துகொண்டே வந்தேன் என்றார். அவர் எந்த நேரத்தில் வந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் அவள் அம்மா அம்பாரோவைப் பிடித்தேன். என் தம்பி மனைவி அவள். மென்மையானவள், அழுதால் மூக்கு சிவக்கும். பின்கட்டில் அவரைக்கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டேன்.

"உன் பொண்ணு என்ன பண்ணியிருக்கான்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

மூக்கு சிவந்தது. "தெரியும் அண்ணி."

"தெரிஞ்சும் பேசாம இருந்திருக்க."

"எனக்கு வேற வழி தெரியல அண்ணி. நான்தான் கையெழுத்துப் போட்டேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க, அவளை விட்டுருங்க."

கையெழுத்து என்றதும் எனக்கு மிச்சமும் விளங்கிவிட்டது. பதிவுக் கல்யாணம். தேவாலயம் இல்லை, பாதிரியார் இல்லை, உறவுக்காரர்கள் இல்லை. ஒரு மேசைக்கு முன்னால் நின்று அம்மாக்காரி கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டேன். ஆபீஸில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான், அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்களாம், ராமிரோ சத்தியம் செய்திருக்கிறானாம். ராமிரோவின் சத்தியத்தைப் பற்றி நான் நினைத்ததை இங்கே எழுத முடியாது.

அந்த ராமிரோவின் குலம் கோத்திரம் எனக்குத் தெரியாது. தஃபோயா என்று பெயர், அந்தப் பக்கத்திலேயே பிறந்தவன், அவன் அம்மா சேலா எல் பாசோவில் முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறாள், அம்பாரோ ஒருமுறை அங்கே முடி வெட்டிக்கொண்டாள். இவ்வளவுதான் தெரியும். இது போதும் என்று திங்கட்கிழமை காலையில் கறுப்பு உடுப்பை அணிந்து, தலையை வாரி, பாலத்தில் நடந்தேன். எல்லையில் இருந்த அதிகாரி எதற்காக வருகிறேன் என்று கேட்டான். குடும்ப விஷயம் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே எதுவும் கேட்கவில்லை.

கடை என்பது அவள் வீட்டு முன்னறைதான். முடி உலர்த்தும் சூடுகாற்று மூடிகளுக்கு அடியில் இரண்டு பெண்கள் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள். தலை முழுக்க வெள்ளித்தாள் சுற்றிய ஒருத்தி கண்ணாடி முன்னால் இருந்தாள். சேலா தஃபோயா குண்டாக, சிரித்த முகமாக, கையில் சீப்போடு வந்தாள்.

"உக்காருங்க தோன்யா. வெட்டணுமா, சாயமா?"

தோன்யா என்று மரியாதையாகத்தான் அழைத்தாள். முடிக்காக வரவில்லை என்றேன். லெயோகாதியா சுபியாத்தே என்று என் பெயரைச் சொன்னேன். தனியாகப் பேச வேண்டும் என்றேன். இந்தக் கடையில் தனியாக என்பதே கிடையாது, இவர்கள் எல்லாரும் நம் ஆட்கள்தான் என்று ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். நான் உட்காரவில்லை.

"உங்க பையன் எங்க நெரெய்தாவுக்குப் பண்ணினது உங்களுக்குத் தெரியுமான்னு கேக்க வந்தேன்."

அவள் முகம் மலர்ந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கமற்ற மலர்ச்சியை நான் பார்த்ததில்லை.

"ஓ, நீங்கதான் அந்த அத்தையா? தெரியாம என்ன தோன்யா? அவளுக்கு மட்டுமா பண்ணினான்? இந்த வருஷம் உங்க பக்கத்துப் பொண்ணுங்க பாதிப் பேருக்கு அவன்தான். சாயங்காலமானா வந்து வரிசையில நிக்குதுங்க."

வெள்ளித்தாள் தலைக்காரி கண்ணாடியிலிருந்தே பேசினாள். "என் தங்கச்சி மகளுக்கும் அவன்தான் தோன்யா. எவ்வளவு பொறுமைங்கறீங்க. சல்லிக்காசு வாங்கல."

நான் மயங்கி விழுகிற பெண்பிள்ளை இல்லை. இருந்தாலும் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாயே, நீயும் ஒரு தாயா என்று கேட்டேன். சேலாவுக்கு என் கோபம் புரியவில்லை. நல்ல காரியம்தானே என்றாள். தன் மகன் யாரிடமும் பேதம் பார்ப்பதில்லை என்றாள்.

"பசங்களுக்குந்தான் பண்ணிக் குடுக்கறான். உங்க தெரு பெரால்தா வீட்டுப் பையன் இல்ல? அவனும் இப்போ எஸ்தாதோலதான் இருக்கான்."

பெரால்தா வீட்டுப் பையனுக்கு மீசை இருக்கிறது. பேட்டைக் கால்பந்து அணியில் கோல் காக்கிறவன். அவனை எஸ்தாதோவில் நினைத்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. அப்போதுதான் முதல்முறையாக, மிக மெதுவாக, எஸ்தாதோ என்று எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

கட்டணத்தைச் சொல்கிறோம் என்றாள் சேலா. எஸ்தாதோ என்றால் மாநிலம், அதுகூடத் தெரியாதா தோன்யா? டெக்ஸாஸ் மாநிலத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டணம், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அதைப்போல மூன்று மடங்கு. எல்லையை ஒட்டி மெக்சிகோ பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளையும் மாநிலத்துப் பிள்ளைகளாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு இருக்கிறது. அப்படிச் சேர்ந்துவிட்டவர்கள் எஸ்தாதோவில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேச்சு. மாணவர் உதவி அறையில் வேலை பார்க்கும் ராமிரோ அதற்கான காகிதங்களை எழுதிக்கொடுக்கிறான்.

எழுபது வருடங்களாக ஒரே அர்த்தத்தில் இருந்த சொல் அது. அதை யார் மாற்றச் சொன்னார்கள்?

சூடுகாற்று மூடிகள் எப்போது நின்றன என்று தெரியவில்லை. வெள்ளித்தாள்காரிதான் முதலில் சிரித்தாள். பிறகு மற்ற இருவரும். சேலா சீப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, என்னிடம் கேட்டாள்.

"தோன்யா, நீங்க என்ன நெனச்சு வந்தீங்க?"

நான் நினைத்தது இயல்பானது. சொல்லைக் கெடுத்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். கையெழுத்தையும் பெண்கள் வரிசையையும் சேர்த்துப் பார்த்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பார்கள். ஆனாலும் என் மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது என்பதை மறைக்க மாட்டேன். இப்போது உட்காரலாம் என்று உட்கார்ந்தேன். சேலா காபி கொண்டுவந்தாள். நல்ல காபி, இலவங்கப்பட்டை போட்டது. அதைப் பாதி குடிக்கும்போது, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவள் மிச்சத்தையும் சொன்னாள்.

"ஒண்ணும் பெரிய விஷயமில்ல தோன்யா. வீட்ல வசதி இல்லன்னு காட்டணும், அவ்வளவுதான். உங்க அம்பாரோ கையெழுத்துப் போட்டுட்டாங்க."

வசதி இல்லை. மூன்று அந்நியப் பெண்களுக்கு முன்னால், முடித்துணுக்குகள் கிடக்கும் தரையில், சுபியாத்தே வீட்டைப் பற்றி அப்படிச் சொன்னாள். கோப்பையைக் கீழே வைத்தேன். முதல் சந்தேகமே உண்மையாக இருந்திருந்தால் தேவலையே என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு குழந்தையை ஊர் மன்னிக்கும். கல்யாணத்தை முடித்து, ஞானஸ்நானத்துக்கு இனிப்பு கொடுத்தால் போதும். ஏழ்மையை மன்னிக்காது. முதலில் இரக்கப்படும், பிறகு வாசல் படி ஏறாது.

எங்களிடம் பணம் இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. அன்செல்மோவின் நோய்ச் செலவில் நிறுவனத்தின் லாரிகள் போயின, பிறகு கிடங்கு, பிறகு நிறுவனமே மூடியது. படிப்புக்கென்று ஒதுக்கியது மட்டும் அப்படியே இருக்கிறது என்று அம்பாரோ சொல்லிவந்தாள், நான் நம்பினேன். வெளியே கேட்டவர்களிடம் லாரிகள் வடக்கே ஓடுகின்றன என்றேன். முன்னறையில் விருந்தாளிகளுக்குப் பீங்கான் கோப்பையில் காபி கொடுத்துவிட்டுப் பின்கட்டில் அவரைக்கொட்டை சாப்பிட்டோம். அதில் என்ன தவறு? வயிறு எங்களுடையது, வாசல் ஊருடையது.

எழுந்தேன். கதவருகே ராமிரோ எதிரே வந்தான். ஒல்லியான பையன், காது பெரியது. என் பெயரைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. குற்றமுள்ள முகம் என்று நினைத்தேன். ஆனால் அவன் வேறு ஒன்றுக்காகப் பயந்திருக்கிறான். கட்டணத்தைக் குறைத்துவிட்டார்கள், உண்மைதான், ஆனால் இப்போது பல்கலைக்கழகத்தில் சந்தேகப்படுகிறார்கள் என்றான். ஓர்னெலாஸ் என்று ஓர் அலுவலர் இருக்கிறார், ஹுவாரெஸ்காரர், சுபியாத்தே என்ற பெயரைப் பார்த்துவிட்டு இந்தக் குடும்பமா வசதியில்லாத குடும்பம் என்று விண்ணப்பத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். வீட்டுக்குத் தலை யாரோ அவர் வெள்ளிக்கிழமைக்குள் நேரில் வந்து சொல்ல வேண்டும். வராவிட்டால் மூன்று மடங்குக் கட்டணம். கட்ட முடியாவிட்டால் இந்தப் பருவத்தோடு நெரெய்தா நிற்க வேண்டியதுதான்.

"உங்ககிட்ட சொல்லச் சொல்லி நான் தலைகீழா நின்னேன் தோன்யா. அவ மாட்டேன்னுட்டா. அத்தை வர மாட்டாங்க, அவங்களைக் கேட்டு அவமானப்படுத்தவும் மாட்டேன்னா."

பாலத்தில் திரும்பி நடந்தபோது வரிசை நிஜமாகவே நீளமாக இருந்தது. எங்கள் பெயரைப் பாலத்துக்கு அந்தப் பக்கமும் ஒருவன் நினைவில் வைத்திருக்கிறான். நான் காத்துவந்தது வீண்போகவில்லை. அதே பெயர்தான் இப்போது அவளை வெளியே தள்ளுகிறது. இரண்டையும் சேர்த்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. எதிரே வந்த ஒவ்வொருவரும் செய்தி தெரிந்து பார்க்கிறார்களோ என்றுதான் பார்த்தேன். மருந்துக்கடைக்காரர் வணக்கம் சொன்னார். வழக்கத்தைவிடச் சுருக்கமாகச் சொன்னதாகப் பட்டது.

வீட்டில் நெரெய்தா முன்னறையில் காத்திருந்தாள். ராமிரோ போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், நான் எதை நினைத்துப் போனேன் என்பதையும் சேர்த்து. அவள் சிரிக்கவில்லை. அதற்காக அவளை எனக்குப் பிடித்தது.

"அத்தை, நீங்க வர வேண்டாம். நான் நின்னுடறேன். தொழிற்பேட்டையில ஒரு கம்பெனியில கணக்கு பார்க்க ஆள் கேக்கறாங்க. போயிடறேன்."

"யார் கேட்டா உன்னை?"

"ஏழைன்னு உங்க வாயால சொல்ல உங்களால முடியாது. எனக்குத் தெரியும் அத்தை. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அது அடிபோல விழுந்தது. என்னால் முடியாதது ஒன்று இருக்கிறது என்று இந்த வீட்டில் எல்லாரும் முன்பே முடிவு செய்து, எனக்குத் தெரியாமல் அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள். கண் தெரியாதவருக்காக வழியில் கிடக்கும் நாற்காலியை ஒதுக்கிவைப்பதைப்போல. அம்பாரோவைக் கூப்பிட்டு, கறுப்பு உடுப்பை மறுபடியும் இஸ்திரி போடச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. மறுநாளே போனேன், நெரெய்தா பக்கத்தில் வந்தாள். பெரிய அறை, நீண்ட மேசை, எங்களுக்குப் பின்னால் வரிசை. வரிசையில் பாதிப் பேர் எங்கள் ஊர் முகங்கள். பெரால்தா பையனும் மீசையோடு நின்றான். ஓர்னெலாஸ் ஐம்பது வயதிருக்கும், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஆள். என் உடுப்பைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், நான் நின்ற விதத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் என்ன ஓடுகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரமாக நான் அந்தப் பெண்ணைப் பார்த்த அதே பார்வை.

தனியறைக்குப் போய்ப் பேசலாமா தோன்யா என்று கேட்டார். வேண்டாம், இங்கேயே கேளுங்கள் என்றேன். நெரெய்தா என் கையைத் தொட்டாள். மூடிய கதவுக்குப் பின்னால் சொன்னால் அது பொய்யாகத்தான் வெளியே வரும். மூடிய கதவைப் பற்றி ஊர் என்ன நினைக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சின்ன வயசுல பாத்திருக்கேன் தோன்யா," என்றார் அவர். "சுபியாத்தேன்னு பெரிசா எழுதின லாரிங்க பாலத்த அடைச்சுக்கிட்டு நிக்கும். நாங்க அதுக்கு நடுவுல பூந்து பள்ளிக்கூடம் போவோம். இப்போ அந்த வீட்ல வசதி இல்லன்னு எழுதியிருக்கு. நான் எப்படி நம்பறது?"

பெரால்தா பையன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டான்.

"லாரி இல்ல," என்றேன். "கிடங்கு இல்ல. என் தம்பி போனதும் நிறுவனத்தை மூடியாச்சு. வீடு ஒண்ணு இருக்கு, கூரை ரெண்டு இடத்துல ஒழுகுது. எங்ககிட்ட ஒண்ணும் இல்ல."

அவர் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கிழவி எதையோ மறைக்கிறாள் என்று நினைத்திருப்பார். ஒன்றுமில்லாதவர்கள் இப்படி நிமிர்ந்து நின்று அவர் பார்த்திருக்க மாட்டார். அழுதிருந்தால் உடனே நம்பியிருப்பார். நான் அழப்போவதில்லை.

"எங்க வீட்ல காசு போன பிறகும் ஒருத்தர்கிட்டயும் இரவல் கேட்டதில்ல. உங்க கூரைக்குக் கீழ நின்னு பொய் சொல்லவும் நான் வரல. லெயோகாதியா சுபியாத்தே ஏழைன்னு சொல்றேன். என் வார்த்தையில சந்தேகம்னா அதை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் பேச வேண்டாம்."

வேறு எந்த வழியில் அதைச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எல்லாருக்கும் கேட்டிருக்கும். அடுத்த ஞாயிறு பூசைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்பதும் தெரியும். அவர் குனிந்து எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து, விண்ணப்பத்தை மற்ற விண்ணப்பங்களோடு சேர்த்து வைத்தார். மாநிலக் கட்டணமே தொடரும், படிப்பு முடியும்வரை இனி வர வேண்டாம் என்று நெரெய்தாவிடம் சொன்னார். அவள் நன்றி சொன்னாள்.

நான் திரும்பினேன். அப்போது ஓர்னெலாஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். அதுவரை அந்த மேசைக்கு வந்த யாருக்காகவும் அவர் எழுந்திருக்கவில்லை, நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். தலையை லேசாகச் சாய்த்து, போய் வாருங்கள் தோன்யா என்றார். பழைய லாரிகளுக்காக எழுந்தாரா, என் வார்த்தைக்காகவா, அல்லது இந்த வயதில் ஒரு பெண்பிள்ளை வந்து இப்படி நிற்க வேண்டியதாயிற்றே என்ற இரக்கத்திலா என்று படியிறங்கும்போது நெரெய்தாவிடம் கேட்டேன். மரியாதைதான் அத்தை என்றாள். அவள் சட்டென்று பதில் சொன்ன விதத்தை வைத்து நான் அதை முழுக்க நம்பவில்லை.